வெள்ளைச் சட்டைச் சேர்

கணக்குச் சேர் போய்விட்டார் என்று மாசியில் மொன்றியலிலிருந்து அவருடைய மூத்த மகள் அழைத்துச் சொன்னார். எங்கள் பழைய மாணவர் சங்க மலருக்கு ஏதாவது எழுதித் தாருங்கள் என்று செயலாளர் கேட்டுக்கொண்டே இருந்தார். எழுத விஷயம் கிடைத்துவிட்டது, கிடைத்த விதம்தான் பிடிக்கவில்லை.

கஞ்சி போட்டு மினுக்கிய வெள்ளைச் சட்டை, ராலி சைக்கிள், முன்பாரில் ஒரு மகள், கரியரில் இரண்டு பேர். அவர்களைப் பள்ளிக்கூடத்தில் இறக்கிவிட்டு, முதல் மணிக்கு முன்பே எங்கள் வகுப்பு வாசலில் நிற்பார். உங்களுக்குத் தெரியாததா?

எனக்கு அவர்மேல் ஒரு கோபம் இருந்தது. ஒன்பதாம் வகுப்பில் ஒருநாள், விடியப்புறம் ஐயாவோடு தோட்டத்தில் பாத்திக்குப் பாத்தி தண்ணீர் மாறிவிட்டு ஓடி வந்தேன். காலெல்லாம் செம்மண். சேர் கேத்திர கணிதத்தை நிறுத்தினார். "தம்பி, இது பள்ளிக்கூடம். பைப்படியிலை காலைக் கழுவிப்போட்டு வா." வகுப்பே சிரித்தது. அன்றிலிருந்து நான் 'செம்மண்'. சிரித்தவர்களில் இருவர் இன்று இந்தச் சங்கத்தில் பொறுப்பான பதவியில் இருக்கிறார்கள், பெயர் வேண்டாம்.

சேரும் தோட்டக்காரர்தான் என்பது பிறகுதான் தெரிந்தது. யாழ்ப்பாணத்தில் கோண்டாவில் பக்கம் குத்தகைக் காணி. நாலு மணிக்கே மிசின் போட்டு வெங்காயத்துக்கு இறைத்துவிட்டு, குளித்து, அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு வந்திருக்கிறார். பிரதமர் சிறிமாவோ காலத்தில் இறக்குமதி நின்று வெங்காயமும் மிளகாயும் நல்ல விலை போனபோது கல்வீட்டுக்கு அத்திவாரம் போட்டார். 1977க்குப் பிறகு இறக்குமதியைத் திறந்துவிட்டார்கள். அத்திவாரத்தில் புல் முளைத்தது. மூன்று பெண் பிள்ளைகள், அதனால் இரவில் ரியூஷன். அதிலும் காசைக் கேட்க மாட்டார், வீட்டுக்கணக்கைத்தான் கேட்பார்.

இதையெல்லாம் அறிந்த பிறகு கோபம் போயிருக்க வேண்டும். அவ்வளவு லேசாகப் போகவில்லை.

நான் 1984இல் நாட்டைவிட்டு வெளிக்கிட்டேன். மகள்மாரையும் ஒவ்வொருவராக அவரே அனுப்பிவைத்தார். போரால் யாழ்ப்பாணமே வெளியேறிய 1995 இடப்பெயர்வில் மனைவியை அதே ராலியில் இருத்தி, சாவகச்சேரிவரை உருட்டிக்கொண்டே நடந்தாராம். யாழ்தேவி ரயில் யாழ்ப்பாணத்துக்குத் திரும்ப ஓடத் தொடங்கிய பிறகு, ஒரு விடுமுறையில் போய்ப் பார்த்தேன்.

"பிள்ளையளிட்டைப் போயிருக்கலாமே சேர்?"

"போனால் ஆர் தண்ணி மாறுறது?"

என்ன வேலை என்று கேட்டார். களஞ்சியத்தில் இருப்புக் கணக்குப் பார்க்கிறேன் என்றேன். "அப்ப பிழையில்லை" என்றார். பல்கலைக்கழகம்வரை வருவேன் என்று நம்பிய மனிதர், அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. நானும் கதையை வெங்காய விலைக்கு மாற்றினேன்.

சங்கம் அவர் பெயரில் கணிதப் பரிசு வைக்கப்போகிறதாம். நல்லது, என் பங்கையும் அனுப்பியிருக்கிறேன். வாங்குகிற பிள்ளையும் எங்களைப்போல் பிளேன் ஏறத்தான் போகிறது. சேரிடம் கேட்டிருந்தால், அந்தக் காசில் முதலில் பைப்படியைத் திருத்தச் சொல்லியிருப்பார்.