அன்று பார்த்து அப்பா நன்றாக நடந்துவிட்டார்

குலசேகரத்திலிருந்து விடிகாலையிலேயே கிளம்பி, அப்பாவை மாற்றுத்திறனாளி சான்றிதழ் முகாமுக்குக் கூட்டிப்போனேன். ஆயுள் முழுக்க ரப்பர் பால் வெட்டியவர். பார்க்கின்சன் என்ற நரம்பு நோய் வந்தபிறகு கை நடுக்கத்தைக்கூடச் சமாளித்துவிடுகிறார். வாசற்படியைக் கண்டால் கால் தரையில் ஒட்டிக்கொள்வதுதான் கொடுமை.

எட்டரை மணி மாத்திரையை வழக்கம்போலக் கொடுத்தேன். ஒன்பதரைக்கு உள்ளே கூப்பிட்டார்கள். அந்த லெவோடோபா மாத்திரை நன்றாக வேலை செய்யும் நேரம் அது. நடந்து காட்டச் சொன்னார்கள். கல்யாண வீட்டுக்குப் போகிறவர் மாதிரி நடந்து காட்டினார் மனிதர்! ஊனத்தின் அளவை 40 சதவீதத்துக்குக் கீழே எழுதிவிட்டார்கள். அதற்குக் குறைந்தால் பராமரிப்பு உதவித்தொகைக்கு வழியில்லை. 2016 மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 21 வகைகளில் பார்க்கின்சனும் உண்டு என்று எழுத்தரிடம் சொன்னேன். “வயதானால் எல்லோருக்கும் கை நடுங்கும் தம்பி” என்றார், தலையை நிமிர்த்தாமலே.

பன்னிரண்டு மணிக்கு மருந்தின் வேகம் இறங்கிவிட்டது. பஸ் படியில் கால் எழவில்லை. கண்டக்டர் இரண்டு முறை விசிலடித்தார். இருக்கையில் உட்கார்ந்ததும் அப்பா என்னிடம் கேட்டார்: “மக்களே, நான் கொஞ்சம் மோசமாக நடந்திருக்கணுமோ?”

மறு மதிப்பீட்டுக்கு மனு கொடுத்தேன். அடுத்த முறை மாத்திரையை நிறுத்திவிட்டுக் கூட்டிப்போ என்று யோசனை சொன்னவர்கள் உண்டு. தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள். திடீரென்று நிறுத்துவது ஆபத்து. நான் ஒரு நோட்டில் இரண்டு வாரம் மாத்திரை நேரத்தையும் கால் உறையும் நேரத்தையும் குறித்தேன். வாசற்படியில் அவர் திணறி நிற்பதைக் கைபேசியில் படம்பிடித்தேன். திருவனந்தபுரம் ஸ்ரீ சித்திரா மருத்துவமனையில் அப்பாவைப் பார்க்கும் மருத்துவரிடம் கேட்டு, நாளில் எத்தனை மணி நேரம் மருந்து பலன் தருவதில்லை என்று எழுதி வாங்கினேன். மறு மதிப்பீடு செய்த மருத்துவர் இந்த முறை படத்தை இரண்டு தடவை ஓடவிட்டுப் பார்த்தார். சதவீதம் கிடைத்தது.

பிறகு உதவித்தொகை விண்ணப்பத்தில் கையெழுத்துத் தகராறு. இந்த நோயில் எழுத்து எறும்பு வரிசைபோலச் சுருங்கிவிடும். பாஸ்புக்கில் இருப்பதோ பழைய பெரிய கையெழுத்து. “பொருந்தவில்லை, போய்விட்டு வாருங்கள்.” வங்கியில் முதலிலேயே பெருவிரல் ரேகைக்கு மாற்றியிருந்தால் இந்த அலைச்சல் மிச்சம். மாற்றப் போனபோது விரல் நடுங்கி முதல் இரண்டு ரேகையும் ஈஷிக்கொண்டன. மூன்றாவதற்கு நான் அவர் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன்.