கரேய்கவா ரயில் நிலையம், 1:87 – சுவருக்கு நிறம் வந்துவிட்டது, ஓடுதான் மல்லுக்கு நிற்கிறது

ஜப்பானில் இருக்கும் கரேய்கவா என்ற பழைய ரயில் நிலையத்தை 1:87 அளவில், அதாவது அசலில் 87-இல் ஒரு பங்காக, மாடல் செய்துகொண்டிருக்கிறேன். ஒருவழியாகச் சாம்பல் நிறம் வந்துவிட்டது. கரேய்கவாவின் பக்கச்சுவர்கள் மேசையில் காய்ந்துகொண்டிருக்கின்றன. கூரை இல்லை, நடைமேடை இன்னும் வெறும் அட்டை, ஆனாலும் இந்தச் சுவருக்காகவே எழுத வேண்டும் போலிருக்கிறது. ஒரு சொட்டு பெயின்ட் இல்லை. நகத்தால் சுரண்டினாலும் நிறம் போகாது.

இந்த நிலையத்தை ஏன் எடுத்தேன் என்றால், அதன் வயதுக்காகத்தான். கியூஷுத் தீவின் தெற்கே, ககோஷிமா மாகாணத்தில் கிரிஷிமா நகரத்தைச் சேர்ந்த ஒரு மலையடிவாரச் சிற்றூர். 1903 ஜனவரி 15-இல் பாதை திறந்தபோது கட்டிய மரக் கட்டடம் அப்படியே நிற்கிறது. கடலோரமாகப் பாதை போட்டால் எதிரிக் கப்பல்கள் சுட்டுவிடும் என்று ராணுவம் பயந்ததால், அன்றைக்குக் ககோஷிமா போகும் முக்கியப் பாதையே மலைக்குள் ஏறியது. 1909-இல் ஹிடோயோஷி – யோஷிமட்சு மலைப்பகுதியும் முடிந்து முழுப்பாதையும் இணைந்தது. 1927-இல் கடலோரப் பாதை வந்ததும் இதற்கு ஹிசட்சு பாதை என்று பெயர் மாற்றிக் கிளைப்பாதை ஆக்கிவிட்டார்கள். பெரிய ரயில்கள் அந்தப் பக்கம் போய்விட்டதால் இங்கே இடித்துக் கட்டும் அவசரம் யாருக்கும் வரவில்லை. நமக்கு லாபம். 2006-இல் அரசின் பண்பாட்டுச் சொத்துப் பட்டியலிலும் ஏறிவிட்டது.

இன்று அங்கே ஊழியர் கிடையாது. ஒரு நடைமேடை, ஒரு தண்டவாளம், காத்திருக்கும் அறை, மர பெஞ்சு, டிக்கெட் கொடுத்த பழைய மரச் சன்னல், அவ்வளவுதான். மாடல் செய்கிறவனுக்கு இதைவிட என்ன வேண்டும்? சிக்னல் இல்லை, தண்டவாளம் பிரியும் பாயின்ட் இல்லை, மேம்பாலம் இல்லை.

ஸ்கேல் பற்றிச் சண்டை வரும் என்று தெரியும், அதனால் முன்பே சொல்லிவிடுகிறேன். ஜப்பானில் பலரும் செய்யும் 1:80-ஐ வேண்டுமென்றேதான் விட்டேன். அங்கே உண்மையான கேஜ், அதாவது இரண்டு தண்டவாளங்களுக்கு இடையிலான அகலம், 1067 மி.மீ. அதை 80-ஆல் வகுத்தால் 13.3 வர வேண்டும். அவர்கள் ஓட்டுவதோ 16.5 மி.மீ. பாதையில். N என்ற இன்னும் சிறிய மாடல் வகையிலும் இதே கதை, 1:150-க்கு 7.1 வர வேண்டிய இடத்தில் 9 மி.மீ. பக்கவாட்டில் பார்த்தால் ஒன்றும் தெரியாது. நேராகப் பார்த்தால் ரயில் காலை அகட்டி நிற்கும். 1:87-இல் 12.26 வருகிறது. ஐரோப்பிய மீட்டர் கேஜுக்கு விற்கும் 12 மி.மீ. பாதையே போதும், பீகோ நிறுவனத்தின் ஃபிளெக்ஸ் டிராக் (வளைத்துப் போடும் மாடல் தண்டவாளம்) ஒரு துண்டு வாங்கினேன். அந்த அளவில் ஜப்பானிய டீசல் வண்டி கிடைப்பது குதிரைக்கொம்பு, கிடைத்தாலும் நாமே கோக்க வேண்டிய பித்தளைக் கிட், விலையைச் சொன்னால் வீட்டில் பிரச்சினை. வண்டி பிறகு பார்த்துக்கொள்ளலாம்.

கட்டட வரைபடம் என்னிடம் இல்லை. ஆனால் ஜப்பானியத் தச்சர்கள் ஷாகு, கென் கணக்கில்தான் தூண் நடுவார்கள். 1891 சட்டப்படி ஒரு ஷாகு என்பது 10/33 மீட்டர், ஆறு ஷாகு ஒரு கென், அதாவது 1.818 மீட்டர். 1:87-இல் 20.9 மி.மீ. புகைப்படத்தில் தூண்களை எண்ணி அந்தக் கட்டத்தில் உட்கார வைத்தால் கதவு, சன்னல் எல்லாம் தானாக இடத்தில் வந்து விழுகின்றன. பழைய மரக் கட்டடம் செய்கிறவர்கள் இதை முயன்று பாருங்கள், ஸ்கேல் ரூலரைவிட நம்பலாம்.

சரி, சுவர். ஒன்றன்மேல் ஒன்று லேசாக ஏறிப் படுக்கைவாட்டில் அடித்த பலகைகள். என் அளவில் ஒவ்வொன்றும் 2 மி.மீ. பட்டை. ரேகை நுணுக்கமான பாஸ்வுட் மரத்தாள் கேட்டு ஆர்டர் செய்தால் ஒரு கடைக்காரர் மிக லேசான பால்சா மரத்தை அனுப்பிவிட்டு, "ரெண்டும் ஒண்ணுதான் சார்" என்கிறார். ஒன்றில்லை. பால்சா பஞ்சு மாதிரி நார் எழும், வெட்டின ஓரம் பிய்ந்துபோகும். பிளைவுட் கடை தேக்கு வெனீரும் சரிப்படவில்லை, அதன் ரேகை இந்த அளவுக்கு மிகப் பெரியது. கடைசியில் வேறொரு இடத்தில் அரை மில்லி பாஸ்வுட் கிடைத்தது.

சாம்பல் பெயின்ட் அடித்தால் சாம்பல் பெயின்ட் அடித்த சுவர் மாதிரிதான் இருக்கும். மரம் தானாக வயதானதுபோல் மாற வேண்டும். இரும்பை வினிகரில் ஊறவைத்து மரத்தில் தடவும் வித்தை எல்லோருக்கும் தெரிந்ததுதான். அது வேலை செய்ய மரத்தில் டானின் என்ற துவர்ப்புப் பொருள் வேண்டும், பாஸ்வுட்டில் அது இல்லாத குறை. தேயிலைக் கஷாயம் முதலில் பூசச் சொல்வார்கள். பூசினால் வெளுத்த தவிட்டு நிறம்தான் வந்தது. அப்போதுதான் கலம்காரித் துணி நினைவுக்கு வந்தது. கடுக்காய் ஏற்றிய துணியில் இரும்பும் வெல்லமும் புளித்த நீரை வைத்துத்தானே அந்தக் கறுப்பை வாங்குகிறார்கள்! நாட்டு மருந்துக் கடையில் கடுக்காய்ப் பொடி வாங்கி வெந்நீரில் கரைத்து, துணியில் வடிகட்டி, பட்டைகளை ஊறவைத்தேன். மேலே இரும்பு நீர் பட்டதும் மை கொட்டியதுபோல் கறுத்தது. தேயிலைக்குச் சோம்பல், கடுக்காய்க்கு ஆவேசம். பத்து மடங்கு நீர் சேர்த்த பிறகுதான் நான் தேடிய வெள்ளிச்சாம்பல் வந்தது.

சில விஷயங்கள். பாத்திரம் தேய்க்கும் பளபள கம்பி நார் வேண்டாம், அது துருப்பிடிக்காத எஃகு, வினிகரில் வாரக்கணக்கில் கிடந்தாலும் அசையாது. துருப்பிடிக்கும் சாதா ஆணி போதும். பட்டையை இரண்டு பக்கமும் நனைத்துக் கண்ணாடிக்கு அடியில் காயவைக்காவிட்டால் சுருண்டுகொள்ளும். ஒட்டுவதற்கு முன்பே நிறம் ஏற்ற வேண்டும், பசை பட்ட இடத்தில் எதுவும் ஏறாது. ஈரத்தில் தெரியும் நிறத்தை நம்பவே கூடாது. ராத்திரி முழுக்கக் காற்றுப் பட்ட பிறகுதான் உண்மை தெரியும்.

எல்லாச் சுவருக்கும் ஒரே கலவையும் கிடையாது. மழையும் வெயிலும் படும் பக்கம்தான் சாம்பலாகும், அகலமான இறவாரத்துக்கு அடியில் இருக்கும் பலகை பழுப்பாகவே இருக்கும். அதனால் நடைமேடைப் பக்கத்துக்கு வெறும் தேயிலை, தூண்களுக்குத் தேயிலையோடு துளி இரும்பு, முக்கோண முகப்புள்ள பக்கச்சுவருக்கு மட்டும் கடுக்காய். தரையை ஒட்டிய கடைசி மூன்று பலகைக்கு இன்னொரு பூச்சு, மழைத்தண்ணீர் தெறிக்கும் இடம் அல்லவா.

கூரைதான் இப்போது கழுத்தை அறுக்கிறது. ஜப்பானிய ஓடு ஒன்று சுமார் 265 மி.மீ. அகலம் தெரியும்படி கிடக்கும், என் அளவில் 3 மி.மீ. ஹார்டுவேர் கடை எம்-24 போல்ட்டின் மரை இடைவெளியும் சரியாக 3 மி.மீ.! அலுமினியத் தாளை அதில் அழுத்தி உருட்டினால் அலை வருகிறது, அழகாகத்தான் வருகிறது, ஆனால் இரண்டு பக்கமும் ஒரே சரிவு. அசல் ஓட்டின் வளைவு ஒருபக்கம் நீளமாகச் சாய்ந்து மறுபக்கம் சட்டென்று எழும். தூரத்தில் பார்த்தால் தகரக் கொட்டகை. 3டி பிரின்டரில் ரெசினால் அச்சடித்துத் தருகிறேன் என்று நண்பர் ஒருவர் சொல்லியிருக்கிறார், அடுக்கடுக்காக அச்சாகும் கோடுகள் தெரியாமல் வந்தால் சரி.

அது வரும்வரை சில்லறை வேலைகள். நியன்டரோ என்ற பூனை இந்த நிலையத்தின் புகழ்பெற்ற ஆள், அதை மூன்று மில்லிக்குள் செதுக்க வேண்டும். வாரக்கடைசியில் இங்கே விற்கும் சாப்பாட்டுப் பெட்டியும் கியூஷு முழுக்கப் பேர் போனது. காளானும் மூங்கில் குருத்தும் போட்ட சோறு, கூடவே சர்க்கரைவள்ளிக் கிழங்குப் பொரியல். விற்கும் மேசை ஒன்று வைக்காமல் விடமாட்டேன். வண்டியைப் பற்றி மட்டும் மனசு ஊசலாடுகிறது. 2004 முதல் 2022 வரை ஓடிய ஹயாடோ நோ கஸே என்ற கறுப்பு டீசல் இந்தச் சாம்பல் சுவருக்குப் பக்கத்தில் பிரமாதமாக இருக்கும். அந்த வண்டிகளை இப்போது வெள்ளை அடித்து வடமேற்குக் கியூஷுவில் ஃபுடட்சுபோஷி என்று ஓட்டுகிறார்கள்.

இது முடிந்ததும் ஓசுமி-யோகொகவா. இதே நாளில் திறந்த, இதே வயதுள்ள நிலையம். போரின்போது விமானத்திலிருந்து சுட்ட குண்டு துளைத்த ஓட்டை அங்கே நடைமேடைத் தூண் ஒன்றில் இன்றும் இருக்கிறது. 1:87-இல் அது அரை மில்லிகூடத் தேறாது. கரேய்கவாவுக்குக் கூரை போடுவதற்குள் 0.3 மி.மீ. டிரில் பிட் வாங்கி வைத்துவிட்டேன்.