இரவில் பலமுறை எழவைக்கும் புராஸ்டேட்

சிறுநீர்ப்பைக்குக் கீழே, சிறுநீர்க்குழாயைச் சுற்றி அமர்ந்திருப்பது புராஸ்டேட் சுரப்பி. 50 வயதுக்கு மேல் அது பெருத்துக் குழாயை நெரிக்கலாம். சிறுநீரின் வேகம் குறையும், முக்க வேண்டிவரும், போய்விட்டு வந்த பிறகும் மிச்சம் இருப்பதுபோல் தோன்றும். இந்த வீக்கம் புற்றுநோயாக மாறுவதில்லை. ஆனால் இரண்டும் ஒருவருக்கே இருக்கலாம் என்பதால் சும்மா விடவும் கூடாது.

படுப்பதற்கு 2 மணி நேரம் முன்பே தண்ணீர், காபி, மதுவை நிறுத்துங்கள். அதற்காகப் பகலில் தண்ணீரைக் குறைத்தால் சிறுநீர் அடர்ந்து எரிச்சல்தான் கூடும். போன பின் அரை நிமிடம் பொறுத்து மறுபடி முயன்றால் மிச்சமும் வெளியேறும்.

பலர் கோட்டைவிடுவது சளி மாத்திரையில். மூக்கடைப்புக்குத் தரும் சூடோஎஃபெட்ரின் சிறுநீர்ப்பை வாயின் தசையை இறுக்கும். தூக்கம் வரவைக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகள் பை சுருங்கும் வலுவைக் குறைக்கும். இரண்டும் ஒரே மாத்திரையில் சேர்ந்தே வருவதும் உண்டு! அடிவயிறு உப்பி, வலியோடு ஒரு சொட்டும் வராவிட்டால் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள். சிறுநீரில் ரத்தம் வந்தால், ஒரே முறைதான் என்றாலும், மருத்துவரிடம் காட்டுங்கள்.

புராஸ்டேட் சுரக்கும் ஒரு புரதத்தை அளந்து புற்றுநோய்ச் சந்தேகத்தைப் பார்க்கும் பிஎஸ்ஏ ரத்தப் பரிசோதனைக்கு முந்தைய 48 மணி நேரம் உடலுறவும் நீண்ட சைக்கிள் ஓட்டமும் வேண்டாம். சிறுநீர்த் தொற்று இருந்தால் குணமாகி 6 வாரம் கழியட்டும். புராஸ்டேட்டைச் சுருக்கும் ஃபினாஸ்டரைடு மாத்திரை சாப்பிடுவதை மறைக்காதீர்கள்: 6 மாதத்துக்கு மேல் சாப்பிட்டால் பிஎஸ்ஏ அளவு ஏறத்தாழ பாதியாகக் காட்டும், 2 என்பதை 4 என்றே படிக்க வேண்டும். சிறுநீர்ப்பை வாயைத் தளர்த்தும் டாம்சுலோசின் மாத்திரை எடுப்பவர்கள் கண்புரை அறுவைக்கு முன் கண் மருத்துவரிடம் சொல்லிவிடுங்கள். கண்மணி சரியாக விரியாது.