அறுபது செ.மீ. குச்சி: ஃபிக்ஸட் ஃபோகஸ் கேமராவைத் தண்ணீரில் அளந்த கதை

என் ஃபிக்ஸட் ஃபோகஸ் கேமராவை முதல்முறை கடலுக்குள் எடுத்துப் போனபோது பிடித்த படங்களில் மீன்கள் எல்லாம் மங்கல். பின்னால் இருந்த பாறையோ பளிச்சென்று விழுந்திருந்தது. கேமராவின் சின்னத் திரையில் எல்லாமே நன்றாகத்தான் தெரிந்தது. கணினியில் பெரிதாக்கியபோதுதான் வயிறு கலங்கியது. கேமரா பழுது என்றே நினைத்தேன். பழுதான லென்ஸ் பாறையை மட்டும் எப்படித் தெளிவாகப் பிடிக்கும் என்ற கேள்விதான் என்னை அளவு டேப்பை எடுக்க வைத்தது.

இந்த வகைக் கேமராவில் லென்ஸ் நகராது. செய்யும்போதே ஒரு தூரத்துக்குப் பொருத்தி இறுக்கிவிடுகிறார்கள். பெரும்பாலும் அது ஹைப்பர்ஃபோகல் தூரம். அங்கே ஃபோகஸ் வைத்தால், அதில் பாதித் தூரத்தில் தொடங்கி கண்ணுக்கெட்டியவரை ஏற்றுக்கொள்ளும்படியான தெளிவு கிடைக்கும். லென்ஸின் குவியத் தூரம் 3 மி.மீ., அதன் திறப்பு எஃப் 2.8, பொறுத்துக்கொள்ளக்கூடிய மங்கல் 0.005 மி.மீ. என்று வைத்துக் கணக்குப் போட்டால் சுமார் 64 செ.மீ. வருகிறது. அதாவது 32 செ.மீ.க்கு அப்பால் கவலை இல்லை. ஆனால் இது காற்றில்.

என் கேமராவை முதலில் காற்றில் சோதித்தேன். சுவரில் செய்தித்தாளை ஒட்டி, 5 செ.மீ. இடைவெளியில் பின்னால் நகர்ந்து நகர்ந்து எடுத்ததில், 45 செ.மீ.யிலிருந்து பொடி எழுத்து படிக்க வந்தது.

அடுத்து 90 செ.மீ. நீள மீன்தொட்டி. தண்ணீர் நிரப்பி, லேமினேட் செய்த ஒரு தாளை உள்ளே நிறுத்தி, கேமராவை வெளியிலிருந்து கண்ணாடியோடு ஒட்டிவைத்து எடுத்தேன். தட்டைக் கண்ணாடி வைத்த ஹவுசிங்கும் (கேமராவை நனையாமல் மூடும் உறை) இப்படித்தான் வேலை செய்கிறது என்பதால் கேமராவை நனைக்கவே வேண்டியதில்லை. (கண்ணாடிக்கும் லென்ஸுக்கும் நடுவே இடைவெளி விட்டால் கணக்கு மாறிவிடும்.) 45-இல் மங்கல், 50-இல் மங்கல், 55-இல் அரைகுறை. 60-இல் எழுத்து தெளிந்தது. அந்த நிமிடம் அவ்வளவு சந்தோஷமாக இருந்தது, ஏனென்றால் 60-இல் முக்கால் பங்கு 45! தண்ணீரின் ஒளிவிலகல் எண் 1.33. தட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் பொருள் முக்கால் தூரத்தில் இருப்பதாகத்தான் லென்ஸுக்குத் தெரியும். நிஜத்தில் 45 செ.மீ.யில் இருந்த மீன் என் லென்ஸுக்கு 34 செ.மீ.யில் நின்றிருக்கிறது.

முகமூடி போட்ட நம் கண்ணுக்கும் இதே ஏமாற்றம் உண்டு. 1963-இல் வந்த நிக்கோனாஸ் என்ற நீரடிக் கேமராவில் தூரத்தைக் கண்ணால் மதிப்பிட்டு, லென்ஸில் உள்ள குமிழைத் திருகி வைப்பார்கள். டேப் சொல்லும் தூரத்தை அல்ல, தண்ணீருக்குள் கண்ணுக்குத் தோன்றும் தூரத்தையே வைக்க வேண்டும்.

நீச்சல் குளத்தில் 60 செ.மீ.க்கு முடிச்சுப் போட்ட நூலைக் கட்டிப் பார்த்தேன். அது மிதந்து லென்ஸ் முன்னாலேயே வந்து நின்றது. மெல்லிய பிளாஸ்டிக் குச்சிக்கு மாறினேன். குச்சிமுனைக்கு அப்பால் இருந்தால் மட்டுமே அமுக்குவது. இப்போது ஃபோகஸ் தப்புவது அரிது. ஆனால் இரண்டு மீட்டருக்கு மேல் போனால் தண்ணீரே திரை போட்டு நிறத்தையும் கூர்மையையும் தின்றுவிடுகிறது. எனக்குக் கிடைத்த நல்ல இடம் 60 செ.மீ. முதல் சுமார் 1.2 மீட்டர் வரை.

வெளிச்சம் குறைந்த நாளில் மறுபடி மங்கல். இந்தமுறை காரணம் வேறு. நீரில் மிதக்கும் தூசியைப் பெரிதாக்கிப் பார்த்தேன்: புள்ளிகள் எல்லாம் ஒரே திசையில் கோடாக இழுபட்டிருந்தன. கோடு என்றால் கை ஆட்டம். வட்டமாக உப்பியிருந்தால் ஃபோகஸ் தவறு. இதைக் கண்டுகொண்டதில் எனக்கு உண்மையிலேயே பெருமை.

தட்டைக் கண்ணாடிக்குப் பதில் அரைக்கோளக் கண்ணாடி மாட்டலாமா என்றும் யோசித்து விட்டுவிட்டேன். 5 செ.மீ. ஆரமுள்ள கோளத்தில், தொலைவில் இருக்கும் பாறையின் பிம்பம்கூடக் கண்ணாடிக்குச் சுமார் 15 செ.மீ. முன்னால்தான் உருவாகும். நகராத லென்ஸால் அதைப் பிடிக்க முடியாது.

இப்போது கையில் இருப்பது +2 சக்தியுள்ள க்ளோசப் லென்ஸ், அதாவது கிட்டத்துப் பொருளைத் தெளிவாக்க கேமரா லென்ஸுக்கு முன்னால் வைக்கும் கண்ணாடி. வெளியே மாட்டித் தண்ணீர் பட்டால் அதன் சக்தியில் மூன்றில் ஒரு பங்குதான் மிஞ்சும் என்பதால், ஹவுசிங்கின் உள்ளே வைத்தாக வேண்டும். கணக்குப்படி தண்ணீரில் சுமார் 32 முதல் 67 செ.மீ. வரை தெளிவு கிடைக்க வேண்டும். அதற்கு அப்பால் எல்லாம் மங்கும். நீருக்குள் கழற்றவும் முடியாது. மீன்தொட்டியில் தண்ணீர் மாற்றிவிட்டேன், அடுத்த அளவெடுப்பு அதற்குத்தான்.