வெயிட்டைச் சுற்றி ஏன் வைல்?

வெள்ளவத்தையில் எங்கள் வீட்டுக்குப் பின்னேரங்களில் ஜாவா படிக்க வரும் கம்பஸ் பிள்ளைகள் எல்லாருக்கும் ஒரு விதி பாடம்: வெயிட்டை இஃப்புக்குள் போடக்கூடாது, வைலுக்குள் போடவேணும். வெயிட் ஒரு த்ரெட்டை, அதாவது ப்ரோகிராமுக்குள் தனியாக ஓடும் ஒரு வேலையோட்டத்தை, உறங்கவைக்கும்; நோட்டிஃபை அதை எழுப்பும். இஃப் நிபந்தனையை ஒருமுறைதான் பார்க்கும், வைல் திரும்பத் திரும்பப் பார்க்கும். போன கிழமை ஒரு பிள்ளைதான் நிறுத்திக் கேட்டாள்: "அக்கா, நோட்டிஃபை வந்தபடியால்தானே எழும்புது? பிறகு என்னத்துக்குத் திரும்பவும் பார்க்கவேணும்?"

எனக்குச் சரியான சந்தோசம். முழுப் பாடமும் அந்தக் கேள்விக்குள்ளேதான் இருக்கிறது.

கொப்பியில் மூன்று கோடு கீறிக் காட்டினேன். வேலைகள் வரிசையில் நிற்கும் கியூ வெறுமை. முதலாவது த்ரெட் லொக்கை (ஒரு நேரத்தில் ஒருவரை மட்டும் கியூவைத் தொடவிடும் பூட்டு) எடுக்கிறது, வேலை ஒன்றும் இல்லை என்று கண்டு வெயிட் போடுகிறது. வெயிட் என்றால் லொக்கையும் விட்டுவிட்டுத்தான் உறங்கும். குறித்த நேரம் உறங்கவைக்கும் ஸ்லீப் அப்படி விடாது. இப்போது வேலை கொண்டுவரும் த்ரெட் லொக்கை எடுத்து, ஒரு வேலையைப் போட்டு, நோட்டிஃபை கொடுக்கிறது. உறங்கியது உடனே ஓடத் தொடங்காது. லொக் இன்னும் மற்றவர் கையில். அது விடுபடும் நேரம் பார்த்து, உறங்கவே இல்லாத மூன்றாவது த்ரெட் ஒன்று நேரே வந்து லொக்கைப் பிடித்து, அந்த வேலையைத் தூக்கிக்கொண்டு போய்விடலாம். அதற்குப் பிறகுதான் எங்கள் ஆளுக்கு லொக் கிடைக்கும். இஃப் என்றால் அடுத்த வரிக்கு இறங்கி, வெறும் கியூவில் ரிமூவ் கூப்பிட்டு, நோ சச் எலிமென்ட் எக்செப்ஷன் என்ற பிழையில் விழும். வைல் என்றால் இன்னொருக்கால் பார்த்துவிட்டு உறங்கப் போகும்.

காலி வீதிக் கடையில் "ரோல்ஸ் வந்திட்டுது" என்று சத்தம் கேட்டு மேசையால் எழும்பிப் போவதற்குள், வாசலால் வந்தவர் கடைசியை வாங்கிவிடுவார் அல்லவா, அப்படி.

இது ஜாவாவின் பிழை இல்லை, தெரிந்தே எடுத்த முடிவு. 1974இல் கணினி அறிஞர் ஹோர் எழுதிய மொனிட்டரில் (லொக்கும் காத்திருப்பும் சேர்ந்த அமைப்பு), சிக்னல், அதாவது நோட்டிஃபை போன்ற ஒன்றைக் கொடுத்தவர் அந்த இடத்திலேயே எழும்பியவரிடம் மொனிட்டரைக் கையளிப்பார். நடுவில் எவரும் நுழைய முடியாது, இஃப்பே போதும். செரொக்ஸ் கம்பனியின் பார்க் ஆய்வுகூடத்தில் உருவான மெசா மொழி அந்தக் கண்டிப்பை விட்டது. மெசாவைப் பற்றி லாம்ப்சனும் ரெடெலும் 1980இல் எழுதிய கட்டுரையில் சிக்னல், நிலைமை மாறியிருக்கலாம் என்ற வெறும் குறிப்புத்தான். ஜாவா போனது மெசாவின் வழி. போதாததற்கு, எவரும் எழுப்பாமலே வெயிட் திரும்பி வரலாம் என்றும் ஜாவா ஆவணம் சொல்கிறது.

ஒருவரை மட்டும் எழுப்பும் நோட்டிஃபையா, எல்லாரையும் எழுப்பும் நோட்டிஃபை ஓலா? தொடங்குகிறவர்கள் ஓல் போடட்டும் என்பது என் கட்சி. ஒரு ஒப்ஜெக்டுக்கு ஒரே ஒரு காத்திருப்புக் கூட்டம்தான். போடுகிறவரும் எடுக்கிறவரும் அதற்குள்ளேயே கலந்து கிடந்தால், தனி நோட்டிஃபை தேவையில்லாத ஆளை எழுப்பி, அந்தச் சிக்னல் அதோடு வீணாகி, எல்லாரும் உறங்கிவிடலாம்.

2004இல் ஜாவா 5 ரீஎன்ட்ரன்ட் லொக் என்ற தனி லொக்கையும், கண்டிஷன் என்ற தனித்தனிக் காத்திருப்புக் கூட்டங்களையும் தந்த பிறகு அந்தக் கூட்டத்தைப் பிரிக்கலாம். ஜாவாவிலேயே வரும் அரே புளொக்கிங் கியூவின் மூல நிரலைத் திறந்து பாருங்கள்: ஒரு லொக், நொட் எம்ப்டி, நொட் ஃபுல் என்று இரண்டு கண்டிஷன். வேலையை எடுக்கும் டேக் மெதட்டுக்குள் கவுண்ட் பூச்சியமாக இருக்கும் வரை அவெயிட் (கண்டிஷனின் வெயிட்), அதுவும் வைலுக்குள். லொக்கை விடும் அன்லொக், எக்செப்ஷன் வந்தாலும் ஓடும் ஃபைனலிக்குள் இருப்பதையும் கவனியுங்கள். ஜாவாவின் பழைய லொக் முறையான சிங்க்ரனைஸ்ட் தானாக லொக்கை விடும். ரீஎன்ட்ரன்ட் லொக் நீங்கள் எழுதினால்தான் விடும்.