ஏன் பச்சையாகவே இருக்கிறார்?

ஜனவரி 4, 2025, சனி

இன்று அக்கா வீடியோ காலில் வந்தபோது அவள் மகன் போனைப் பிடுங்கிக்கொண்டான். எட்டு வயது. என் மேசைக்குப் பின்னால் சுவரில் ஒட்டியிருக்கும் படத்தைக் காட்டி, "சித்தி, அது யாரு?" என்றான். மார்ஷியன் மேன்ஹன்டர், அமெரிக்கக் காமிக்ஸ் நாயகன் என்றேன். செவ்வாய் கிரகத்துக்காரர், பறப்பார், அடுத்தவர் மனதைப் படிப்பார், சுவருக்குள் புகுந்து போவார், எந்த உருவமாக வேண்டுமானாலும் மாறுவார் என்று எனக்குத் தெரிந்ததை எல்லாம் ஒரே மூச்சில் சொன்னேன்.

கொஞ்ச நேரம் படத்தையே பார்த்தான். "யாரா வேணும்னாலும் மாறலாம்னா, ஏன் பச்சையாவே இருக்காரு?"

சட்டென்று பதில் வரவில்லை. பொங்கலுக்கு வரும்போது சொல்கிறேன் என்று சொல்லிவிட்டேன். பதினைந்து வருடமாக இவர் கதைகளைச் சேர்த்துப் படிக்கிறேன், இந்தக் கேள்வியை நான் கேட்டுக்கொண்டதே இல்லை. காமிக்ஸ் பெட்டியை இறக்கி முதலிலிருந்து படிக்கப் போகிறேன்.

ஜனவரி 5, ஞாயிறு

முதல் கதை டிடெக்டிவ் காமிக்ஸ் 225ஆம் இதழில், 1955 நவம்பரில் வந்தது. எழுதியவர் ஜோசப் சமாக்சன், வரைந்தவர் ஜோ செர்ட்டா. அந்த இதழின் நாயகன் பேட்மேன்தான். நம் ஆளுக்குக் கிடைத்தது கடைசியில் சில பக்கங்கள்.

கதை எளிமையானது. டாக்டர் எர்டல் என்ற வயதான விஞ்ஞானி ஒரு ராட்சதக் கணிப்பொறி இயந்திரத்தை இயக்குகிறார். அது செவ்வாயிலிருந்து ஒருவரை இழுத்து வந்து அறைக்குள் நிறுத்திவிடுகிறது. பச்சை உடம்பு, வழுக்கைத் தலை, நீல அங்கி, மார்பில் குறுக்கே சிவப்புப் பட்டைகள். பார்த்த அதிர்ச்சியில் கிழவர் இறந்துபோகிறார். வந்தவரைத் திருப்பி அனுப்பத் தெரிந்த ஒரே ஆளும் போயாயிற்று.

அதற்கடுத்து அவர் செய்வதைத்தான் இன்று இரண்டு மூன்று தடவை திரும்பத் திரும்பப் பார்த்தேன். ஆர்ப்பாட்டம் இல்லாமல் ஒரு சாதாரண வெள்ளைக்கார அமெரிக்கனாக மாறுகிறார். கோட்டு, டை. தன் பெயரையே கொஞ்சம் உள்ளூர்ப்படுத்தி ஜான் ஜோன்ஸ் என்று வைத்துக்கொண்டு போலீஸ் துப்பறிவாளராகச் சேர்கிறார். செவ்வாய்ப் பெயரை ஆங்கிலத்தில் எழுதும்போது நடுவில் ஒரு காற்புள்ளியைத் தூக்கிப் போட்டு, எழுத்தையும் கொஞ்சம் மாற்றுவார்கள். வாயால் சொன்னால் இரண்டும் ஒன்றுதான். ஊர் மாறிப் போனவர்கள் தங்கள் பெயரை அந்த ஊர் நாக்குக்கு ஏற்ப மாற்றிக்கொள்வதை எவ்வளவு பார்த்திருக்கிறோம். 1955இல் அதை ஒரு செவ்வாய்க்காரருக்குச் செய்திருக்கிறார்கள்.

ஆக, முதல் சில வருடங்களுக்கு இவர் பச்சையாகவே இல்லை. வேலை எல்லாம் ஜோன்ஸ் உருவத்தில், இல்லாவிட்டால் யார் கண்ணுக்கும் தெரியாமல். இப்படி ஒருவர் இருப்பதே கதைக்குள் இருக்கும் ஊருக்குத் தெரியவருவது 1959இல், 273ஆம் இதழில்தான். இதைக் குழந்தையிடம் சொல்ல வேண்டும்.

ஜனவரி 8, புதன்

அலுவலகத்திலிருந்து வந்து கொஞ்சம்தான் படிக்க முடிந்தது.

வெள்ளி யுகம் என்று காமிக்ஸ் வாசகர்கள் சொல்லும் காலம் 1956இல் ஷோகேஸ் 4ஆம் இதழில் வந்த ஃபிளாஷ் என்ற நாயகனின் புதிய வடிவத்திலிருந்து தொடங்குவதாகத்தான் பெரும்பாலும் எழுதுகிறார்கள். ஜான் அதற்கு ஏறக்குறைய ஒரு வருடம் முன்பே வந்துவிட்டார். அவரைத்தான் முதல் ஆளாகச் சொல்ல வேண்டும் என்று வாதாடுகிறவர்கள் உண்டு, நானும் அந்தப் பக்கம்தான். 1960இல் ஜஸ்டிஸ் லீக் என்ற சூப்பர்ஹீரோக்களின் அணி உருவானபோது தொடக்க உறுப்பினர்களில் ஒருவர். ஆனாலும் 1964இல் அவரை ஹவுஸ் ஆஃப் மிஸ்டரி என்ற இதழுக்கு மாற்றினார்கள். போகும்போது ஜோன்ஸ் என்ற துப்பறிவாளர் இறந்துபோனதாகவே கதை எழுதிவிட்டார்கள். அங்கும் 1968இல் தொடர் நின்றது. 1969இல் லீக்கிலிருந்தும் போய்விட்டார்.

இன்னொரு தேதியையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். 1965 ஜூலையில் மரைனர் 4 விண்கலம் செவ்வாயைக் கடந்து போனபோது இருபத்தொரு முழுப் படங்களை அனுப்பியது. கால்வாய் இல்லை, நகரம் இல்லை. நிலா மாதிரி பள்ளம் பள்ளமாக வெறும் தரை. ஜான் எப்படியாவது திரும்பிப் போக வேண்டும் என்று நினைத்துக்கொண்டிருந்த ஊர், நிஜத்தில் அன்றைக்கே காலி என்று தெரிந்துவிட்டது. அந்தப் படங்களுக்கும் கதையின் போக்குக்கும் நேரடித் தொடர்பு உண்டு என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் பின்னால் வந்த எழுத்தாளர்கள் எல்லாருக்கும் இருந்தது வெறும் செவ்வாய்தான். அங்கே ஒரு காலத்தில் மக்கள் இருந்தார்கள் என்றால், அவர்களுக்கு என்ன ஆயிற்று என்று யாராவது சொல்லியே ஆக வேண்டும்.

ஜனவரி 11, சனி

இன்று முழு நாளும் இதிலேயே போனது.

1988இல் ஜே.எம். டிமாட்டியஸ் எழுதி மார்க் பேட்ஜர் வரைந்த நான்கு இதழ்த் தொடர். ஜானின் மக்கள் எல்லாரும் ஒரு கொள்ளைநோயில் இறந்துவிட்டார்கள், மனைவி மிரியா, மகள் கிம் உட்பட. எர்டலின் இயந்திரம் இழுத்து வந்தபோது ஜான் துக்கத்தில் புத்தி பேதலித்த நிலையில் இருந்தார். எர்டல் அன்று சாகவும் இல்லை. வந்தவரின் வேதனையைத் தாங்க முடியாமல், அவர் நினைவுகளை மூடி, அதன்மேல் வேறு நினைவுகளை வைத்து, அவருக்கு ஓர் உருவத்தையும் கொடுக்கிறார். அகன்ற தோள், அங்கி, மார்புப் பட்டை எல்லாம் எர்டல் படித்த சாகசக் கதைகளிலிருந்து வந்தவை. ஜானின் சொந்த உருவம் அது இல்லை. அவர் இனத்தாரின் உருவம் ஒல்லியாக, உயரமாக, நீண்ட தலையோடு இருக்கும்.

இதை முன்பும் படித்திருக்கிறேன். ஆனால் இன்றுதான் உறைத்தது. முப்பது வருடமாக வாசகர்கள் நிஜ உருவம் என்று நம்பியதும் ஒரு வேஷம்தான். அதுவும் முன்பின் தெரியாத ஒருவர் இரக்கப்பட்டுப் போட்டுவிட்டது.

அப்புறம் ஜான் ஆஸ்ட்ரேண்டர் எழுத டாம் மேன்ட்ரேக் வரைந்த 1998ஆம் வருடத் தொடர். அதில் அந்த நோய்க்குக் காரணம் வருகிறது. செவ்வாய்க்காரர்கள் மனதால் பேசிக்கொள்கிறவர்கள். ஜானின் இரட்டைச் சகோதரன் பரப்பிய நோய் மனதிலிருந்து மனதுக்குத் தொற்றுகிறது. தொற்றியவர் தீப்பிடித்து எரிந்து சாகிறார். தப்பிக்க ஒரே வழி மனதை மூடிக்கொள்வது. மற்றவர்களின் ஓலம் கேட்கும்போது ஒரு குழந்தை மனதை எப்படி மூடும்? மகள் மூடவில்லை. மனைவியும் போய்விடுகிறாள். மேன்ட்ரேக் அந்தக் காட்சியை அடர்ந்த கறுப்பு மையில் போட்டிருக்கிறார். தீ வெளிச்சம் முகத்தின் ஓரத்தில் மட்டும் விழும், மீதி எல்லாம் இருட்டு. படிக்கும்போது அந்தப் பக்கத்தில் கை நின்றுவிட்டது.

முதல் கதைகளில் நெருப்பு பட்டால் இவர் பலம் போய்விடும் என்பது சும்மா ஒரு விதி. சூப்பர்மேனுக்குக் கிரிப்டோனைட் மாதிரி, கதையை நகர்த்த ஒரு பலவீனம். நாற்பது வருடம் கழித்து ஒருவர் அதை எடுத்து, இவர் ஏன் நெருப்பைக் கண்டால் நடுங்குகிறார் என்பதற்கு ஒரு குடும்பத்தையே காரணமாக வைத்தார். ஜான் கதைகளில் இதைவிடப் பெரிய வேலையை யாரும் செய்யவில்லை என்பது என் உறுதியான எண்ணம். 2003இல் வந்த கதை ஒன்றில் அந்தப் பயம் பிரபஞ்சக் காவலர்கள் மரபணுவில் விதைத்தது என்று மாற்றினார்கள். எனக்கு அது பிடிக்கவில்லை. கண் முன்னால் மகள் எரிந்ததைப் பார்த்தவருக்கு மரபணுக் காரணம் எதற்கு?

ஜனவரி 12, ஞாயிறு

அக்கா குடும்பம் வந்தாயிற்று. குழந்தை பையை வைத்ததும் நேராகப் பெட்டியிடம் போனான். சோகமான பகுதிகளை எடுத்து மேலே வைத்துவிட்டு, பிஸ்கட் கதையைக் காட்டினேன்.

1987இல் கீத் கிஃபனும் டிமாட்டியஸும் சேர்ந்து ஜஸ்டிஸ் லீக்கைச் சிரிப்பும் கலகலப்புமாக எழுதியபோது, ஜானுக்கு ஓரியோ பிஸ்கட் என்றால் உயிர் என்று வைத்தார்கள். பிறகு அதன் பெயர் சோக்கோஸ் ஆனது. ஆஸ்ட்ரேண்டர் தொடரின் 24ஆம் இதழில் அந்த பிஸ்கட் கிடைக்காமல் ஜான் வெறிபிடித்து நிற்பார். பையன் விழுந்து விழுந்து சிரித்தான். வந்த ஊரில் தனக்கென்று ஒரு தின்பண்டத்தைப் பிடித்துக்கொண்டவர் என்பதால் எனக்கும் அந்த ஜானை ரொம்பப் பிடிக்கும்.

ஜனவரி 13, திங்கள், போகி

விடியற்காலையில் தெருவில் பழைய பாய், துணி எல்லாம் எரிந்துகொண்டிருந்தது. புகையில் கண் எரிய வாசலில் நின்ற பையன், "ஜான் இன்னைக்கு நம்ம ஊருக்கு வந்தா செத்துடுவாருல்ல?" என்றான். மேலே பறந்து போய்விடுவார் என்றேன். அவனுக்கு அது போதவில்லை. மாலைவரை அவருக்கு ஒளிந்துகொள்ள இடம் தேடிக்கொண்டிருந்தான். கடைசியில் மொட்டை மாடித் தண்ணீர்த் தொட்டிதான் சரி என்று முடிவு செய்தான்.

ஜனவரி 14, செவ்வாய், பொங்கல்

பொங்கல் செவ்வாய்க்கிழமையே வந்திருக்கிறது. இரவு எல்லாரும் மாடிக்குப் போனோம். நிலா முழுசாக இருந்தது, அதன் பக்கத்தில் செவ்வாய், காவி நிறத்தில், கண் சிமிட்டாமல். பூமிக்கு மிக நெருக்கமாக வந்து இரண்டு நாள்தான் ஆகிறது. நெருக்கம் என்றாலும் சுமார் 9.6 கோடி கிலோமீட்டர். அம்மா செவ்வாய் தோஷம் பற்றிப் பேச ஆரம்பித்தார். பையன், "பாட்டி, அங்கதான் ஜான் வீடு" என்று அவர் பேச்சை நிறுத்திவிட்டான்.

அதைக் கேட்டபோது எனக்குத் தொண்டை அடைத்தது. மேலே எடுத்து வைத்த இதழ்களை அவன் இன்னும் படிக்கவில்லை.

ஜனவரி 15, புதன், மாட்டுப் பொங்கல்

மாடு என்றதும் ஸ்க்ரல்கள் ஞாபகம் வந்துவிட்டார்கள். ஃபென்டாஸ்டிக் ஃபோர் 2ஆம் இதழ், ஸ்டான் லீயும் ஜேக் கிர்பியும் செய்தது. அதில் வரும் ஸ்க்ரல்களும் பச்சை நிற வேற்றுக்கிரகத்தார்தான், உருவம் மாறுகிறவர்கள்தான். ஆனால் வில்லன்கள். நாயகர்களைப் போலவே மாறி ஊரை ஏமாற்றுகிறார்கள். முடிவில் ஃபென்டாஸ்டிக் ஃபோர் அணியின் தலைவர் ரீட் ரிச்சர்ட்ஸ் அவர்களை மாடுகளாக மாறவைத்து, தாங்கள் யார் என்பதையே மறக்கடித்து, புல் மேய விட்டுவிடுகிறார்.

அந்தக் காலத்து அமெரிக்காவில் பக்கத்து வீட்டுக்காரன் உளவாளியாக இருப்பானோ என்ற பயம் எங்கும் இருந்தது. உருவம் மாறுகிறவன் என்றாலே துரோகி. நம்மிடமும் அப்படித்தான், ஆளுக்கு ஏற்ப மாறுகிறவனைப் பச்சோந்தி என்றுதான் திட்டுகிறோம். அப்படிப்பட்ட பயம் பரவியிருந்த 1955இல், ஒளிந்து வாழும் வேற்றுக்கிரகத்தாரை நல்லவராக, அதுவும் ஒரு போலீஸ்காரராக எழுதினார்கள். சமாக்சனும் செர்ட்டாவும் அதைப் பெரிதாக நினைத்துச் செய்தார்களோ இல்லையோ, எனக்கு அது பெரிதுதான்.

நம் கதைகளில் வரும் கூடு விட்டுக் கூடு பாய்வதும் இதுவும் வேறு. அங்கே உயிர் இன்னொருவர் உடம்புக்குள் போகும், சொந்த உடம்பு ஓரிடத்தில் பத்திரமாகக் கிடக்கும். இவருக்குத் திரும்பிப் போக அப்படி ஓர் உடம்பு தனியாகக் கிடையாது.

ஜனவரி 16, வியாழன்

நாளை கிளம்புகிறார்கள். காலையிலேயே பையன், "சித்தி, பதில் சொல்லவே இல்ல" என்று பிடித்துக்கொண்டான்.

சொன்னேன். முதலில் அவர் பச்சையாக வெளியே வரவே இல்லை, ஜோன்ஸாகத்தான் இருந்தார் என்றேன். அந்தப் பச்சை உருவம் ஒரு தாத்தா கொடுத்தது, ஜான் ரொம்ப அழுதுகொண்டிருந்தபோது கொடுத்தது என்றேன். எதற்கு அழுதார் என்று கேட்டான். அவர் வீட்டில் எல்லாரும் இறந்துவிட்டார்கள் என்று மட்டும் சொன்னேன். நோயையும் தீயையும் சொல்லவில்லை. அவருக்கு இன்னோர் உருவம் உண்டு, நீளத் தலையோடு, அதுதான் நிஜம், அதை நெருங்கியவர்களுக்கு மட்டும்தான் காட்டுவார் என்றேன்.

"அவங்கதான் இல்லையே, யாருக்குக் காட்டுவாரு?"

அதற்குப் பதிலாக டிவியைப் போட்டேன். 2003இல் ஜஸ்டிஸ் லீக் கார்ட்டூன் தொடரில் வந்த கிறிஸ்துமஸ் கதை. கார்ல் லம்ப்லி ஜானுக்குக் குரல் கொடுத்தது. போக இடமில்லாத ஜானை சூப்பர்மேன் தன் வளர்ப்புப் பெற்றோரின் பண்ணை வீட்டுக்குக் கூட்டிப் போகிறார். அந்த வீட்டில் எல்லாம் அவருக்குப் புதிது. எதிலும் ஒட்டாமல், முகத்தில் எதையும் காட்டாமல் உட்கார்ந்திருப்பார். கதை முடியும்போது சூப்பர்மேனின் கென்ட் குடும்பம் ஒரு பாட்டுச் சத்தம் கேட்டு வந்து பார்க்கிறது. ஜான் ஜன்னலோரம் உட்கார்ந்து, வீட்டுப் பூனையை வைத்துக்கொண்டு, தன் மொழியில் பாடிக்கொண்டிருக்கிறார். யாரும் உள்ளே போவதில்லை. நின்று கேட்கிறார்கள்.

அந்தக் காட்சி முழுக்கப் பையன் பேசவில்லை. பாட்டுக்கு என்ன அர்த்தம் என்று அப்புறம் கேட்டான். அது அவருக்கு மட்டும்தான் தெரியும் என்றேன்.

"பூனைக்குப் புரிஞ்சிருக்கும்" என்றான்.

இரவு சாப்பிட்டுவிட்டு ஒரு படம் வரைந்து கொடுத்தான். தண்ணீர்த் தொட்டி, அதற்குள் நீளத் தலை வைத்த ஓர் ஆள், தொட்டியின் விளிம்பில் பூனை. ஆளுக்குப் பச்சை அடிக்கவில்லை. பழுப்பு பென்சிலைத்தான் எடுத்திருக்கிறான். பழைய படத்துக்குப் பக்கத்தில் ஒட்டிவிட்டேன்.