நான் எதற்கு இருக்கிறேன்?

2022-இல், தொடக்க வகுப்புப் பிள்ளைகளுக்கு அடிப்படை எழுத்தும் கணக்கும் கற்பிக்கும் தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தபோது, ஒன்று முதல் மூன்று வரையிலான பிள்ளைகளை வகுப்பைப் பார்க்காமல் அரும்பு, மொட்டு, மலர் என்று நிலை பார்த்துப் பிரித்து உட்கார வைத்தோம். என் வகுப்பில் ஒரு பையன் தொடக்க நிலையான அரும்பு, அவனுடைய பெரியம்மா மகள் மேல் நிலையான மலர். இருவருக்கும் மூன்றாம் வகுப்பு, ஒரே வீடு. அவனுடைய பெற்றோர் பெங்களூரில் கட்டட வேலையில் இருந்தார்கள். கர்நாடக எல்லையை ஒட்டிய தேன்கனிக்கோட்டைப் பக்கம் வேலை பார்த்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை; வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசும் பிள்ளைக்குத் தமிழ் எழுத்து பிடிபட்டாலும், படித்த சொல் பொருளாக மாறுவதற்கு நடுவில் ஓர் ஆள் வேண்டியிருக்கிறது. அவனுக்கு அவள் இருந்தாள். ‘மரம்’ என்ற சொல்லுக்குக் கீழே, பலப்பம் பிடித்து வெளுத்த விரலை வைத்து, எனக்குக் கேட்காத குரலில் தெலுங்கில் ‘செட்டு’ என்பாள். அவனுடைய உதடு அசையும்.

அவளை எழுந்து மலர்க் குழுவின் பாய்க்குப் போகச் சொன்னேன்.

“நான் சொன்னாத்தான் டீச்சர் அவன் வாயத் தொறப்பான்” என்றாள்.

“அப்போ நான் எதுக்கு இருக்கேன்?” என்று கேட்டேன்.

அதட்டவில்லை, சிரித்துக்கொண்டேதான் கேட்டேன் என்று இன்றுவரை எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். அவள் பையை எடுத்துக்கொண்டு போய்விட்டாள்.

தானாகச் செய்ய முடிவதற்கும், தன்னைவிடத் தெரிந்த ஒருவர் துணையோடு செய்ய முடிவதற்கும் இடையில்தான் பிள்ளையின் கற்றல் நடக்கிறது என்று உளவியலாளர் வைகாட்ஸ்கி சொன்னதைப் பி.எட். தேர்வில் பத்து மதிப்பெண்ணுக்கு எழுதியவள் நான். அந்தத் ‘தெரிந்த ஒருவர்’ சக மாணவராகவும் இருக்கலாம் என்பதை அடிக்கோடிட்டு எழுதியதுகூட நினைவிருக்கிறது. ஆனால் அவளும் ஒரு பிள்ளைதானே? அவனுக்குச் சொல்லிக்கொடுத்துக்கொண்டே இருந்தால் அவள் எப்போது படிப்பாள் என்ற கேள்வி எனக்கு உண்மையாகவே இருந்தது. அவளுடைய விரலை நம்பியே பழகினால் அவன் தானாக வாய் திறக்கப்போவதில்லை என்றும் நினைத்தேன். இதில் எவ்வளவு அக்கறை, என் வகுப்பில் என்னைவிட ஒரு சிறுமிக்கு அதிகம் செவிசாய்க்கிறான் என்ற எரிச்சல் எவ்வளவு என்று பிரித்துப் பார்க்க இப்போதும் முடியவில்லை.

பொங்கல் விடுமுறை வரை அவன் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. அதன் பிறகு பேசினான், ஆண்டு இறுதிக்குள் மொட்டுக்கும் வந்தான். அப்படியானால் நான் செய்தது சரி. அவள் பக்கத்திலேயே இருந்திருந்தால் பொங்கலுக்கு முன்பே வந்திருப்பானோ என்பதற்கு மதிப்பீட்டுச் செயலியில் பதில் இல்லை. நானும் அவளிடம் நாலு தெலுங்குச் சொல் கேட்டுக் கற்றிருக்கலாம். அது அன்றைக்குத் தோன்றவே இல்லை.

அவர்கள் ஐந்தாம் வகுப்புக்கு வந்த பிறகு ஒரு நாள், சத்துணவு வரிசையில் அவன் அவளிடம், “முட்டை வாங்கிட்டியா?” என்று தமிழில் கேட்டான். அவள் திரும்பிப் பார்த்துவிட்டுத் தெலுங்கில் பதில் சொன்னாள்.